அட்டவணை முதலில், கோடு பிறகு: நுண்ணியல், பேரியல் பொருளாதாரத்தை முதன்முறை படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன்னில் பொருளியல் எடுத்தவரும், பி.காம்., பி.பி.ஏ. முதலாண்டில் அது துணைப்பாடமாக வந்து மாட்டிக்கொண்டவரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இலக்கணங்களை, அதாவது வரையறைகளை, உருப்போடுகிறார்கள், படத்தைப் பார்த்துப் படம் வரைகிறார்கள், எண் கொடுத்து ஒரு கேள்வி வந்தால் பேனா நின்றுவிடுகிறது. பாடநூலில் இருக்கும் ஒவ்வொரு வளைகோடும் ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அந்த அட்டவணையைச் சொந்தக் கையால் போடாதவருக்கு அது வெறும் கோலம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே முறைதான்: முதலில் எண், பிறகு படம், கடைசியில் இலக்கணம்.

தொடங்கும் முன்

ஒரு கிராஃப் நோட்டு, அடிக்கோல், இரண்டு நிறப் பென்சில் போதும். பழைய நிலைக்கு ஒரு நிறம், மாறிய நிலைக்கு இன்னொன்று. கணக்கில் தேவைப்படுவது நான்கே விஷயம்: சதவீதம், நேர்கோட்டின் சாய்வு, இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, முக்கோணத்தின் பரப்பு. இவற்றில் எதிலாவது தடுமாற்றம் இருந்தால் முதல் வாரத்தை அதற்கே கொடுத்துவிடுங்கள். பின்னால் 'பொருளியல் புரியவில்லை' என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்குப் புரியாதது சதவீதம்தான்.

ஒரு பொருள், ஒரு சந்தை, ஒரு நிறுவனம் என்று பார்க்கும் நுண்ணியலை முதலில் முடித்துவிட்டு, நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரியலுக்குப் போங்கள். வாரம் ஆறு மணி நேரம் வைத்தால் 14 வாரத்தில் இரண்டையும் அடிப்படை அளவில் முடிக்கலாம். எல்லாப் பாடத்துக்கும் சம நேரம் கொடுக்க வேண்டாம். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சிக்கு மூன்று வாரம், செலவுக் கோடுகளுக்கு இரண்டு, தேசிய வருவாய்க் கணக்குக்கு இரண்டு. இந்த ஏழு வாரம் உறுதியாக இருந்தால் மீதி தானாக வரும்.

கலைச்சொல்லில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'தேவை', 'அளிப்பு', 'இறுதிநிலை' என்று இருப்பது இலங்கை உயர்தரப் பாடத்தில் 'கேள்வி', 'நிரம்பல்', 'எல்லை' என்று இருக்கும். இணையத்தில் இரண்டு நாட்டுக் குறிப்புகளும் கலந்து கிடைக்கின்றன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு, தேர்வில் உங்கள் பாடத்திட்டத்தின் சொல்லையே எழுதுங்கள்.

வாய்ப்புச் செலவு: எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட வேண்டிவருவதையும் சேர்த்துப் பார்ப்பதே வாய்ப்புச் செலவு. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பின் செலவு என்ன? கட்டணம், புத்தகம், அந்த மூன்று வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். சம்பளத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். அதைச் சேர்ப்பவர்களும் விடுதிச் சாப்பாட்டுச் செலவு முழுவதையும் கூட்டிவிடுவார்கள். படிக்காவிட்டாலும் சாப்பிடத்தானே போகிறோம்? விடுதியில் மாதம் ₹4,000, வீட்டில் என்றால் ₹3,000 என்றால், படிப்பின் செலவில் சேர வேண்டியது வித்தியாசமான ₹1,000 மட்டுமே. ஏற்கெனவே கட்டி, திரும்ப வராத பணம் இனி எடுக்கும் முடிவில் சேராது. இந்த மூன்றையும் ஒரு கணக்கில் சரியாகப் பிரித்துவிட்டால் பாடம் முடிந்தது.

தேவையும் அளிப்பும்: மல்லிகையை வைத்து

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. விலை ஒரு கிலோவுக்கு ரூபாயில், அளவு கிலோவில்.

தேவை அளவு = 1200 − விலை
அளிப்பு அளவு = (2 × விலை) − 300

முதலில் அட்டவணை. விலை 300 என்றால் தேவை 900, அளிப்பு 300. விலை 400க்கு 800, 500. விலை 500க்கு 700, 700. விலை 600க்கு 600, 900. இரண்டும் ஒன்றாகும் இடம் ₹500, 700 கிலோ. அதுதான் சமநிலை. ₹400இல் 300 கிலோ பற்றாக்குறை, ₹600இல் 300 கிலோ உபரி. இதை கிராஃபில் புள்ளி வைத்து வரையுங்கள். விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில்.

இங்கேயே முதல் குழப்பம் வரும். சமன்பாட்டில் விலை காரணம், அளவு விளைவு. கணக்கு வகுப்பில் காரணத்தைக் கிடை அச்சில் போடப் பழகியிருப்போம். பொருளியல் தலைகீழாகப் போடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் நிலைநிறுத்திய வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே, அளிப்புச் சமன்பாட்டில் விலைக்கு முன் 2 இருந்தாலும் படத்தில் அந்தக் கோட்டின் சாய்வு ½ தான்.

இப்போது மார்கழி வருகிறது. பனியில் மொட்டு குறைகிறது. எந்த விலையிலும் முன்பைவிட 300 கிலோ குறைவாகத்தான் வரத்து. அளிப்பு = (2 × விலை) − 600. 1200 − விலையுடன் சமன்செய்தால் விலை ₹600, அளவு 600 கிலோ. வரத்து 300 கிலோ நகர்ந்தும் விற்ற அளவு 100 கிலோதான் குறைந்தது. விலை ஏறியதும் விவசாயி இருக்கிற பூவை முழுக்கப் பறித்து அனுப்புகிறார், வாங்குபவர் முழத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள். தேவை எல்லா விலையிலும் 150 கிலோ கூடுகிறது: 1350 − விலை. பனி இன்னும் விடவில்லை. தீர்த்தால் விலை ₹650, அளவு 700 கிலோ. அளவு கார்த்திகையில் இருந்த அதே 700! தேவை 150க்குக் குறைவாகக் கூடியிருந்தால் அளவு 700க்குக் கீழே நின்றிருக்கும், கூடுதலாக இருந்தால் மேலே போயிருக்கும். தேவை கூடி, அளிப்பு குறைந்தால் விலை ஏறும் என்று உறுதியாகச் சொல்லலாம்; அளவைப் பற்றி எண் இல்லாமல் சொல்ல முடியாது. தேர்வில் மதிப்பெண் போவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

கோடு நகர்கிறதா, கோட்டின் மேல் நகர்கிறோமா என்பதற்கு ஒரே சோதனை: மாறிய விஷயத்தின் பெயர் அச்சில் எழுதியிருக்கிறதா? விலை அச்சில் இருக்கிறது. அதனால் விலை மாறினால் அதே கோட்டின் மேல் நகர வேண்டும். பனி, முகூர்த்தம், வருமானம், கனகாம்பரத்தின் விலை இவை எதுவும் அச்சில் இல்லை. இவை மாறினால் கோடே நகரும். எப்போதும் இடம், வலம் என்றே யோசியுங்கள். அளிப்பு குறைந்தது என்றவுடன் கோட்டைக் 'கீழே' இறக்கிவிடுபவர்கள் ஏராளம். அளிப்புக் கோடு கீழே இறங்கினால் வலப்பக்கம் போய்விட்டது என்று பொருள், அதாவது அளிப்பு கூடிவிட்டது.

இன்னொரு பிழை, வாய்ப்பாடு மாதிரி எல்லா விடைத்தாளிலும் வருவது: "அளிப்பு குறைந்ததால் விலை ஏறியது, விலை ஏறியதால் தேவை குறைந்தது, தேவை குறைந்ததால் விலை இறங்கியது." இப்படியே போனால் விலை ஊஞ்சல்தான் ஆடும். விலை ஏறியதால் குறைந்தது 'தேவை அளவு'. தேவைக் கோடு அசையவே இல்லை. 'அளவு' என்ற ஒரு சொல்லை விட்டதால் வந்த வினை.

நெகிழ்ச்சி: சாய்வு வேறு, இது வேறு

அளவின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுத்தால் வருவது நெகிழ்ச்சி. விலை 40இலிருந்து 60 ஆகிறது, அளவு 100இலிருந்து 80 ஆகிறது. சாதாரணச் சதவீதத்தில் போட்டால் விலை 50% ஏற்றம், அளவு 20% இறக்கம், நெகிழ்ச்சி 0.4. அதையே திருப்பி 60இலிருந்து 40 என்று போட்டால் விலை 33.3% இறக்கம், அளவு 25% ஏற்றம், நெகிழ்ச்சி 0.75. ஒரே இரண்டு புள்ளிகளுக்கு இரண்டு விடை. இதைத் தவிர்க்கத்தான் நடுப்புள்ளி முறை: மாற்றத்தைச் சராசரியால் வகுக்க வேண்டும். அளவு 20 ÷ 90 = 22.2%, விலை 20 ÷ 50 = 40%, நெகிழ்ச்சி 0.56. எந்தப் பக்கமிருந்து போட்டாலும் இதுவே வரும். கேள்வியில் முறையைக் குறிப்பிடாவிட்டால் எந்த முறை என்று விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நேர்கோட்டுத் தேவையில் சாய்வு எங்கும் ஒன்றுதான். நெகிழ்ச்சி இடத்துக்கு இடம் மாறும். மல்லிகைத் தேவையில் ₹600இல் நெகிழ்ச்சி சரியாக 1. அங்கே மொத்த வசூல் 600 × 600 = ₹3,60,000. விலை 500 என்றால் ₹3,50,000. 700 என்றாலும் ₹3,50,000. நடுவில்தான் உச்சம். ₹600க்குக் கீழே விலையை ஏற்றினால் வசூல் கூடும், மேலே ஏற்றினால் குறையும்.

மார்கழிக் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். கார்த்திகையில் 700 கிலோ, ₹500, மொத்தம் ₹3,50,000. பனியில் 600 கிலோ, ₹600, மொத்தம் ₹3,60,000. விளைச்சல் குறைந்தும் பூ விவசாயிகள் மொத்தமாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இதன் மறுபக்கம்தான் தக்காளி அமோகமாக விளைந்த வருடம் சாலையோரம் கொட்டப்படுவது. தனி விவசாயிக்கு அதிக விளைச்சல் நல்லது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதிகம் விளைந்து, தேவையும் நெகிழ்ச்சியற்றதாக (நெகிழ்ச்சி 1க்குக் கீழே) இருந்தால் எல்லோருக்கும் நட்டம். 'நெகிழ்ச்சியின் முக்கியத்துவம்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த எண்களை வைத்தே எழுதலாம்.

வரியை யார் சுமக்கிறார்

அதே பூவுக்குக் கிலோவுக்கு ₹90 கற்பனை வரி. வாங்குபவர் தரும் விலைக்கும் விற்பவர் கையில் நிற்கும் விலைக்கும் 90 இடைவெளி. 1200 − விலை = 2 × (விலை − 90) − 300. வாங்கும் விலை ₹560, விற்பவர் கையில் ₹470, அளவு 640. வாங்குபவர் ₹60 சுமக்கிறார், விற்பவர் ₹30. சட்டத்தில் யார் பெயரில் வரி போட்டாலும் இதே விடைதான்; ஒரு முறை விற்பவர் மீதும் ஒரு முறை வாங்குபவர் மீதும் போட்டுப் பாருங்கள். விலை மாறும்போது யாருடைய அளவு குறைவாக அசைகிறதோ அவர் தலையில் அதிகம் விழும்.

அரசுக்கு 640 × 90 = ₹57,600. நடக்காமல் போன 60 கிலோ வியாபாரத்தின் இழப்பு ½ × 60 × 90 = ₹2,700; இது யாருக்கும் போய்ச் சேராத பணம். அந்த முக்கோணத்தைப் பென்சிலால் நிழலடியுங்கள். நுகர்வோர் உபரி (தரத் தயாராக இருந்த விலைக்கும் தந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்), உற்பத்தியாளர் உபரி (கைக்கு வந்த விலைக்கும் ஏற்கத் தயாராக இருந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்), வரி வருவாய், இழப்பு நான்கையும் வெவ்வேறு எழுத்திட்டுக் குறிப்பது விடைத்தாளில் பாதி வேலையை முடித்துவிடும்.

நுகர்வோர் நடத்தைப் பாடத்தை இங்கே வேகமாகக் கடக்கலாம். கடைசி ரூபாய் எங்கே அதிகப் பயன் தருகிறது என்று பாருங்கள். ₹12 டீயின் இறுதிநிலைப் பயன்பாடு, அதாவது கூடுதலாக ஒரு டீ தரும் பயன், 24 என்றால் ரூபாய்க்கு 2; ₹10 வடையின் பயன்பாடு 15 என்றால் ரூபாய்க்கு 1.5. வடையைக் குறைத்து டீக்குப் போக வேண்டும். ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடு சொல்வதும் இதைத்தான். படம் மட்டும் வேறு.

செலவுக் கோடுகள்: ஒரு அட்டவணையை முழுசாகப் போடுங்கள்

உற்பத்தியே இல்லாவிட்டாலும் ஆகும் மாறாச் செலவு 60. உற்பத்தியோடு கூடும் மாறும் செலவு மட்டும் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு மீதியைப் போட வேண்டும். இறுதிநிலைச் செலவு என்பது கூடுதலாக ஓர் அலகு செய்ய ஆகும் செலவு.

| உற்பத்தி | மாறும் செலவு | மொத்தச் செலவு | இறுதிநிலைச் செலவு | சராசரி மாறும் செலவு | சராசரி மொத்தச் செலவு |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 60 | – | – | – |
| 1 | 40 | 100 | 40 | 40 | 100 |
| 2 | 70 | 130 | 30 | 35 | 65 |
| 3 | 90 | 150 | 20 | 30 | 50 |
| 4 | 120 | 180 | 30 | 30 | 45 |
| 5 | 170 | 230 | 50 | 34 | 46 |
| 6 | 240 | 300 | 70 | 40 | 50 |

வலப்பக்க நான்கு பத்திகளையும் மூடிவைத்து நீங்களே போடுங்கள். இறுதிநிலைச் செலவைக் கூட்டிக்கொண்டே வந்தால் மாறும் செலவு கிடைக்க வேண்டும்: 40 + 30 + 20 + 30 = 120. கிடைக்காவிட்டால் எங்கோ கழித்தலில் தவறு.

இறுதிநிலைக் கோடு சராசரிக் கோட்டை அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் ஏன் வெட்டுகிறது? கிரிக்கெட்டில் சராசரி 45 வைத்திருப்பவர் அடுத்த ஆட்டத்தில் 50 அடித்தால் சராசரி ஏறும், 30 அடித்தால் இறங்கும். நான்காவது அலகில் சராசரி 45. ஐந்தாவதின் கூடுதல் செலவு 50. சராசரி 46 ஆகிவிட்டது. படத்தில் வெட்டுமிடம் கொஞ்சம் விலகி நின்றால் பதற வேண்டாம். இறுதிநிலைச் செலவு இரண்டு அலகுகளுக்கு இடையிலான மாற்றம் என்பதால் அதை 3.5, 4.5 என்று நடுவில் குறிப்பதே சரி.

இப்போது விலையைக் கொடுத்து முடிவெடுங்கள். தனி ஒருவரால் விலையை மாற்ற முடியாத நிறைவுப் போட்டியில் விலை 52 என்றால் ஐந்து அலகு: 260 − 230 = 30 லாபம். ஆறாவது அலகுக்கு 70 செலவழித்து 52 வாங்குவது வீண். விலை 35 என்றால் நான்கு அலகில் 140 − 180 = 40 நட்டம். கடையை மூடினால்? மாறாச் செலவு 60 நட்டம். ஆகவே நட்டத்திலும் ஓட்டுவதே லாபம். விலை 28 என்றால் மூன்று அலகில்கூட நட்டம் 66; மூடிவிட்டால் 60தான். மூடும் புள்ளி சராசரி மாறும் செலவின் தாழ்வான 30. 'நட்டம் என்றால் மூட வேண்டும்' என்று எழுதுபவர்கள் சராசரி மொத்தச் செலவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறைந்து செல் விளைவு விதி (ஓர் உள்ளீட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கூடுதல் உற்பத்தி குறைந்துகொண்டே வரும்) குறுகிய காலத்துக்கு உரியது, அங்கே ஓர் உள்ளீடு மாறாமல் நிற்கும். அளவு விளைவுகள் (எல்லா உள்ளீட்டையும் ஒன்றாகக் கூட்டினால் உற்பத்தி எவ்வளவு கூடும்) நீண்ட காலத்துக்கு, அங்கே எல்லாம் மாறும். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

முற்றுரிமை

சந்தையில் ஒரே விற்பனையாளர் இருப்பது முற்றுரிமை. விலை = 100 − அளவு, இறுதிநிலைச் செலவு 20. கூடுதல் ஓர் அலகு தரும் வருவாயான இறுதிநிலை வருவாய்க்குச் சாய்வு இரட்டிப்பு: 100 − (2 × அளவு). 20உடன் சமன்செய்தால் அளவு 40. இந்த இடத்தில் நிறையப் பேர் விலை 20 என்று எழுதிவிடுவார்கள். 40இலிருந்து நேராக மேலே போய்த் தேவைக் கோட்டைத் தொடுங்கள்: விலை 60. போட்டி இருந்திருந்தால் அளவு 80, விலை 20. இழப்பு ½ × 40 × 40 = 800. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருப்பது அரசு முற்றுரிமைக்கு உதாரணம். செல்போன் சேவை, ஒருசில விற்பனையாளர்களே இருக்கும் சில்லோர் முற்றுரிமைக்கு: ஒருவர் கட்டணத்தை ஏற்றினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கணிப்பு அங்கே முடிவுக்குள்ளேயே இருக்கிறது.

பேரியல்: கோட்பாட்டுக்கு முன் கணக்குப்பதிவு

நுண்ணியலில் படித்த கோடுகளை அப்படியே பெரிதாக்கினால் பேரியல் வந்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. இங்கே முதலில் ஜி.டி.பி.யை, அதாவது ஓராண்டில் நாட்டுக்குள் உற்பத்தியாகும் இறுதிப் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பை, எண்ணுவது எப்படி என்று கற்க வேண்டும்.

விவசாயி ₹30,000க்கு நெல் விற்கிறார், ஆலை அதை அரிசியாக்கி ₹42,000க்கு விற்கிறது, ஓட்டல் அதைச் சாப்பாடாக்கி ₹90,000க்கு விற்கிறது. மூன்றையும் கூட்டினால் ₹1,62,000. அது தவறு, நெல் மூன்று முறை எண்ணப்பட்டுவிட்டது. கூட்டிய மதிப்பு 30,000 + 12,000 + 48,000 = ₹90,000, இறுதிப் பொருளின் விலையும் அதுவே.

எது சேரும், எது சேராது என்பதில் தேர்வாளர்களுக்குத் தனி ஆசை. பழைய பைக் விற்ற பணம் சேராது. தரகர் வாங்கிய கமிஷன் சேரும். பங்கு வாங்குவது நம் பேச்சில் முதலீடு, ஜி.டி.பி. கணக்கில் அது வெறும் கைமாற்றம். மகளிர் உரிமைத் தொகை அரசின் கொள்முதலில் சேராது, அது பதிலுக்கு எதையும் வாங்காமல் தரும் மாற்றுத் தொகை; அதை மளிகைக்குச் செலவிடும்போது நுகர்வில் வரும். துபாயில் குடியிருந்து வேலை செய்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் ஜி.டி.பி.யில் சேராது, அந்தப் பணத்தில் இங்கே எழும்பும் புது வீடு சேரும்.

இறக்குமதியைக் கழிப்பதால் அது ஜி.டி.பி.யைக் குறைக்கிறது என்பது பத்திரிகைகளில்கூட வரும் பிழை. ₹15,000க்கு வெளிநாட்டு போன் வாங்கினால் நுகர்வில் 15,000 கூடுகிறது, இறக்குமதியில் 15,000 கழிகிறது. நிகரம் பூஜ்யம். உள்ளே தவறாக நுழைந்ததை வெளியே எடுக்கிறோம், அவ்வளவே.

பண மதிப்பு, உண்மை மதிப்பு இரண்டையும் பிரிக்க இரண்டு பொருள் போதும். முதல் ஆண்டு 100 கிலோ அரிசி ₹40க்கும் 50 லிட்டர் பால் ₹40க்கும்: மொத்தம் ₹6,000. இரண்டாம் ஆண்டு 105 கிலோ ₹48க்கும் 54 லிட்டர் ₹44க்கும்: ₹7,416. பழைய விலையில் போட்டால் ₹6,360. உண்மை வளர்ச்சி 6%, பண மதிப்பில் 23.6%. விலையேற்றத்தைக் காட்டும் ஜி.டி.பி. குறைப்பான் 7,416 ÷ 6,360 × 100 = 116.60. பழைய கூடையையே புது விலையில் வாங்கினால் ₹7,000. விலைக் குறியீடு 116.67. இரண்டும் சற்று விலகுவதற்குக் காரணம், குறைப்பான் இந்த ஆண்டு உற்பத்தியான அளவுகளை வைத்துப் போடுகிறது, நுகர்வோர் குறியீடு பழைய கூடையையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

2012ஐ அடிப்படையாகக் கொண்ட இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86%ஆக இருந்தது. 2011-12 மொத்த விலைக் குறியீட்டில் தொழிற்சாலைப் பொருட்களின் எடை 64.23%, சேவைகள் அறவே இல்லை. தக்காளி விலை ஏறிய மாதம் இரண்டும் வெவ்வேறு கதை சொல்வதற்கு இதுவே காரணம். இணையத்திலிருந்து எண் எடுக்கும்போது அடிப்படை ஆண்டைப் பாருங்கள். வெவ்வேறு அடிப்படை கொண்ட வரிசைகளை ஒட்டவைத்து வளர்ச்சி கணக்கிட்டால் விடை அபத்தமாக வரும்.

குறியீடு 100, 120, 123 என்று போனால் பணவீக்கம் 20%இலிருந்து 2.5%க்கு இறங்கியது. விலை இறங்கவில்லை, ஏறும் வேகம் இறங்கியது. அதேபோல், 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.50%இலிருந்து 6.25% ஆனது 0.25 சதவீதப் புள்ளி, அதாவது 25 அடிப்படைப் புள்ளி. '0.25 சதவீதம் குறைந்தது' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். சதவீதத்தில் அது சுமார் 3.85%.

வேலையின்மையில் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். 15 வயதைத் தாண்டிய 1,000 பேரில் 520 பேருக்கு வேலை, 30 பேர் தேடுகிறார்கள், மற்றவர்கள் தேடவில்லை. உழைப்புப் படை 550, வேலையின்மை 30 ÷ 550 = 5.45%. தேடுபவர்களில் 10 பேர் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டால் 20 ÷ 540 = 3.7%. ஒரு வேலைகூட உருவாகாமல் வேலையின்மை குறைந்துவிட்டது. வேலை தேடாமல் முழுநேரம் படிக்கும் மாணவர் வேலையற்றவர் பட்டியலில் வரமாட்டார்.

இருப்பும் ஓட்டமும் குழம்பினால் மேட்டூரை நினையுங்கள். அணையில் இன்று நிற்கும் நீர் டி.எம்.சி.யில், நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. அரசின் மொத்தக் கடன் அணையில் நிற்கும் நீர், இந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை இந்த ஆண்டின் வரத்து. பற்றாக்குறை குறைந்தாலும் பூஜ்யமாகாதவரை கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓர் எண்ணைச் சொல்லும்போது 'ஆண்டுக்கு', 'மாதத்துக்கு' என்று சேர்க்க வேண்டியிருந்தால் அது ஓட்டம்.

பெருக்கி

1936இல் பொருளியலாளர் கீன்ஸ் முன்வைத்த பார்வையின் எளிய வடிவம்: நுகர்வு = 100 + 0.75 × வருமானம், முதலீடு 150. வருமானம் = 250 + 0.75 × வருமானம், ஆக 1,000. முதலீடு 50 கூடினால் வருமானம் 1,200, அதாவது 200 கூடுகிறது. 200 ÷ 50 = 4, இதுதான் பெருக்கி. 1 ÷ (1 − 0.75) என்ற சூத்திரத்தை எழுதும் முன் சுற்றுகளை எழுதுங்கள்: 50, 37.5, 28.125, 21.09... ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம் என்பது அப்போதுதான் கையில் பிடிபடும்.

4 என்பது ஏட்டுச் சுரைக்காய். 20% வரியும், வருமானத்தில் 10% இறக்குமதியும் சேர்த்தால் 1 ÷ (1 − 0.75 × 0.8 + 0.1) = 2. ஒவ்வொரு சுற்றிலும் பணம் கசிகிறது. நிலையான ஒரு தொகையாக 50 வரிக் குறைப்பு கொடுத்தால் முதல் எளிய மாதிரியில் கிடைப்பது 200 அல்ல, 150தான். கையில் வந்த 50இல் முதல் சுற்றிலேயே 12.5 சேமிப்புக்குப் போய்விடுகிறது.

நாட்டின் எல்லாப் பொருளுக்கும் சேர்த்து வரையும் மொத்தத் தேவைக் கோடும் கீழ்நோக்கித்தான் சரியும். ஆனால் 'மல்லிகை விலை ஏறினால் கனகாம்பரம் வாங்குவார்கள்' என்ற நுண்ணியல் காரணத்தை இங்கே எழுதக் கூடாது. எல்லா விலையும் சேர்ந்து ஏறும்போது மாறிப்போக வேறு பொருள் ஏது? கையிலிருக்கும் பணத்தின் வாங்கும் சக்தி, வட்டி, ஏற்றுமதி இவை வழியாகத்தான் விளக்க வேண்டும். மொத்த அளிப்பு இடப்பக்கம் நகர்ந்தால் விலையும் ஏறும் வேலையும் போகும். 1973 எண்ணெய் நெருக்கடி இதற்குப் பாடநூல் உதாரணம்.

பணம், வங்கி, வட்டி

இருபக்கப் பேரேடு போட்டுப் படியுங்கள். வங்கி உங்களுக்கு ₹1,00,000 கடன் தந்தால் அதன் சொத்துப் பக்கம் கடன் 1,00,000, பொறுப்புப் பக்கம் உங்கள் கணக்கில் வைப்பு 1,00,000. கடன் கொடுத்த நொடியில் வைப்பு பிறந்துவிட்டது. பாடநூலின் 'இருப்பு விகிதம் (வைப்பில் வங்கி ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கு) 10% என்றால் பெருக்கி 10' என்பது உச்ச வரம்பு மட்டுமே. மக்கள் ரொக்கமாக வைத்துக்கொள்வதும், வங்கிகள் கூடுதல் இருப்பு வைப்பதும் அதைக் குறைக்கும். தேர்வில் சூத்திரத்தை எழுதி, இந்த வரம்பையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

ரெப்போ வட்டியை முடிவுசெய்யும் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவில் ஆறு பேர். பணவீக்க இலக்கு 4%, மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி. குழுவின் அறிக்கை வரும்போது முதல் இரண்டு பக்கத்தைப் படித்து, வளர்ச்சி, பணவீக்கம் பற்றி எந்தக் காரணம் சொல்லி வட்டியை ஏற்றினார்கள், இறக்கினார்கள், விட்டார்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கள். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வட்டி ஏறினால் பழைய கடன்பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்பதையும் எண்ணால் பாருங்கள். அடுத்த ஆண்டு ₹107 தரும் பத்திரம் இன்று ₹100. சந்தை வட்டி 8% ஆனால் அதற்கு யார் 100 கொடுப்பார்? 107 ÷ 1.08 = ₹99.07.

டாலர் ₹80இலிருந்து ₹85 ஆனால் எண் பெரிதாகிறது, ரூபாய் மெலிகிறது. டாலர் 6.25% ஏறியது, ரூபாய் 5.9% இறங்கியது. இரண்டும் ஒன்றல்ல, ஏனென்றால் வகுக்கும் எண் வேறு.

வாரப் பயிற்சியும் விடைத்தாளும்

பாடம் படித்த மறுநாள் புத்தகத்தை மூடிவைத்துப் படத்தை வரையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. வரைய முடியாத இடம்தான் தெரியாத இடம். மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவது படித்த திருப்தியை மட்டும் தரும். தவறு நோட்டு ஒன்று வையுங்கள். தவறான விடையை எழுதி, அருகில் ஏன் தவறு என்று ஒரே வரி: 'கோட்டை நகர்த்தினேன், விலைதான் மாறியது', 'வகுக்கும் எண்ணில் தேடாதவரையும் சேர்த்தேன்'. இருபது பக்கம் நிரம்பும்போது உங்கள் தவறுகள் நான்கைந்து வகைக்குள்ளேயே சுற்றுவது தெரியும்.

விடைத்தாளில் படம் கால் பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சுகளுக்குப் பெயர், கோடுகளுக்குப் பெயர், சமநிலையிலிருந்து இரு அச்சுக்கும் புள்ளிக்கோடு, நகர்வுக்கு அம்புக்குறி. பிறகு படத்தைச் சொல்லால் நடத்திக்கொண்டு போங்கள்: எது மாறியது, எந்தக் கோடு, எந்தப் பக்கம், பழைய விலையில் பற்றாக்குறையா உபரியா, புதிய விலை, புதிய அளவு. படத்தில் இருக்கும் எழுத்து ஒன்றுகூடப் பத்தியில் வராமல் போனால் திருத்துபவர் அதை ஒட்டுப்படம் என்றே எடுத்துக்கொள்வார். எண் கேள்வியில் அலகை விடாதீர்கள். 'விலை 650' என்பதற்கும் 'கிலோவுக்கு ₹650' என்பதற்கும் அரை மதிப்பெண் வித்தியாசம் இருக்கலாம்.